மேஸ்திரி போட்ட நாற்காலி

முதலாண்டு மாணவி தன் முதல் பேட்டியை வகுப்பில் வாசித்து முடித்தாள். கிடங்கில் மூட்டை சுமக்கும் அக்கா ஒருத்தி, அங்கே கழிப்பறை பூட்டியே கிடப்பதை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

"நீ கேட்டப்போ பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?" என்றார் பேராசிரியர்.

"மேஸ்திரி, சார். அவருதான் நாற்காலி போட்டுக் குடுத்தாரு."

"ஆகா, தங்கமான மனுஷன்," என்று பின்வரிசை சிரித்தது.

எல்லாம் மேஸ்திரி காதிலும் விழுந்திருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலமே கிடங்குக்கு ஓடினாள். அக்காவின் இடத்தில் வேறொருத்தி சுமந்துகொண்டிருந்தாள்.

"அதுக்கு வாய் நீளம், நிறுத்திட்டேன்," என்று மேஸ்திரி அதே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இன்னைக்கு யாரைக் கேக்கணும்?"

சுமந்து வந்தவள் இவள் முகத்தைப் பார்க்காமல் விலகிப் போனாள்.

மாணவி உட்காரவில்லை. "அந்த அக்கா வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.