முத்திரை வாங்கப் போனவன்

விடிவதற்குள் எண்பது கட்டுப் பேப்பரை அச்சகத்திலிருந்து வேனுக்குச் சுமந்துவிட்டான். சணல் கயிறு அறுத்த விரல்கள் எரிந்தன. சுமை முடிந்தால் நிருபர் வேலை. இரண்டுக்கும் ஒரே சம்பளம். ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு இதுவே ஜாஸ்தி என்பது முதலாளியின் நினைப்பு.

எழுத்து அவனுக்கு உள்ளேதான் பிடிபட்டது. ஏழு வருஷம் சிறையில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். சலவைக்கூடத்துக் கூட்டாளி சேதி கொண்டுவருவான், இவன் எழுதுவான். ஒவ்வொரு தாளும் சிறை அதிகாரியின் முத்திரை வாங்கினால்தான் சுவரில் ஏறும்.

அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது. போன வாரம் சலவைக்கூடத்துக் கொதிகலன் வெடித்து ஒரு கைதியின் கை வெந்துபோனது. பார்க்கப் போன இவனிடம், இன்னும் உள்ளேயே இருக்கும் கூட்டாளி கம்பிக்கு அப்பால் நின்று சொன்னான். எழுதி முடித்தும், முத்திரை இல்லாத தாள் அரைகுறையாகவே தெரிந்தது. கால் தானாகச் சிறை வாசலுக்கு நடந்தது. சொன்னவன் பெயரோடு முழுச் செய்தியையும் அதிகாரியிடம் நீட்டிவிட்டுக் கைகட்டி நின்றான், மடையன்!

இன்று காலை கூட்டாளியின் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அவரைத் தனிக்கொட்டடியில போட்டுட்டாங்கண்ணே. நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"அதிகாரிகிட்டயே எழுதிக் கொடுத்துட்டேம்மா" என்றான் தரையைப் பார்த்து.

அதற்குள் முதலாளி ஒரு தாளோடு வந்தார். "சிறை அதிகாரி அனுப்பியிருக்கார். அந்தக் கைதி தானே கையைச் சுட்டுக்கிட்டான்னு. இது உன் பேர்ல வரணும். உள்ள இருந்தவன் எழுதினா ஊரே நம்பும்."

"மாட்டேங்க."

"அப்ப மூட்டையைக் கட்டு. உன்னை வேற எவன் சேர்ப்பான்?"

எவனும் சேர்க்கமாட்டான். அது அவனுக்கும் தெரியும்.

பக்கம் அமைக்கும் அக்கா கணினியை அணைத்தாள். "எனக்கு இன்னிக்குக் கண்ணு தெரியலைங்க. இதை அடிக்க முடியாது."

"அக்கா அடிச்சாலும் என் மெஷின் ஓடாது" என்றார் அச்சு மெஷின்காரர்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறீங்களா?"

"மூணு பேருங்க" என்றார் வாசலில் நின்ற வேன் டிரைவர்.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஆள் மாற்ற அவருக்கு அரை நாள் போதும். கூட்டாளி இன்னும் இருட்டில்தான் கிடந்தான்.

"வேணாங்க்கா. தப்பு பண்ணினது நான்."

"தப்புதான். தலையில அடிச்சுக்க அப்புறம் நேரம் இருக்கு. செய்தியைத் திரும்ப எழுது, நோட்டீஸா அடிச்சு ஜெயில் வாசல்லயே கொடுப்போம். உன் கூட்டாளி பேரை வெட்டிட்டு எங்க பேரைப் போடு."

உட்கார்ந்து எழுதினான். பெயர்களுக்கு வந்தபோது, மூலையில் அழுதுகொண்டிருந்த கூட்டாளியின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"முதல்ல என் பேரைப் போடுங்கண்ணே."