ஆளில்லாத அறை

“அரிசி டப்பாக்குள்ள பேப்பரை ஒளிச்சு வச்சது யாரு?”

ஓரகத்தியின் குரல் கூடம்வரை கேட்டது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கொழுந்தன் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தான். மனைவியின் கையிலிருந்த தாள்களை வாங்கி முதல் இரண்டு வரிகளை உரக்கப் படித்தான். பிறகு அடுப்பருகே நின்ற அண்ணியைப் பார்த்தான்.

“யாருக்கு அண்ணி இவ்வளவு நீளமா லெட்டர்?”

“லெட்டர் இல்ல தம்பி. சும்மா எழுதுறது.”

“அண்ணன் போயி எட்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள சும்மா எழுத என்ன இருக்கு? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?”

அவன் கத்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். தாள்களை மனைவியிடம் கொடுத்துவிட்டு இன்னொரு செருப்பைத் தேடப் போனான். அவள் அவற்றைத் தண்ணீரில் நனைத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

எழுதியவளுடைய கணவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தான். திருத்தி முடித்த தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவான். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில்தான் அவள் கதை எழுதிப் பழகினாள். பின்கட்டு அறையில் ஒரே மேஜை. ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள். ஆறு வருஷம் அப்படிப் போனது. ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்புறம் எழவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாமியார் அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மருமகளின் பாயும் பெட்டியும் சமையலறையை ஒட்டிய நடைக்கு வந்தன. இருவர் வாழ்ந்த அறைக்கு அன்றிலிருந்து ‘அவன் ரூம்’ என்று பெயர்.

ஏழு பேர் இருந்த வீட்டில் எழுத ஓர் இடம் வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்தால் கொழுந்தனின் பிள்ளைகள் மூன்றும் அவள்மேல் ஏறி இறங்கின. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால், “அக்கா, சும்மாத்தானே இருக்கீங்க?” என்று ஒரு வாளித் துணி வந்து சேர்ந்தது. குளியலறையில்கூட யாராவது கதவைத் தட்டினார்கள்.

பூட்டிய அறைக்குக் கொல்லைப்புறம் ஒரு கதவு உண்டு. கொஞ்சம் தூக்கி அசைத்தால் உள்தாழ்ப்பாள் கழன்றுகொள்ளும். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு கண்ணயரும் நேரம் பார்த்து ஒருநாள் உள்ளே போனாள். ஆணியில் அவனுடைய சட்டை தொங்கியது. காலர் இன்னும் அவன் கழுத்துக்கு வளைந்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம். அவன் உட்காரும்போது எழும் அதே சத்தம். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனாலும் முழுதாக உட்கார மனம் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து எழுதினாள்.

மூன்றாம் நாள் ஓரகத்தி வெளிறிப்போய்க் கணவனிடம் சொன்னாள். “உங்க அண்ணன் ரூம்ல நாற்காலி நகர்ற சத்தம் கேக்குதுங்க. சத்தியமா.”

அவன் அந்தப் பக்கம் போவதையே விட்டான். மாமியார் மட்டும் பயப்படவில்லை.

“எம் புள்ள வேலை பாக்குறான். யாரும் சத்தம் போடாதீங்க.”

அன்றிலிருந்து இரண்டு மணி முதல் நான்கு மணிவரை அந்த வீட்டில் டிவி ஓடவில்லை. பிள்ளைகள் பூனைபோல் நடந்தன. உயிரோடிருந்த பெண் கேட்டுக் கிடைக்காத அமைதியைச் செத்துப்போனவனுக்கு எல்லோரும் தாங்களாகவே கொடுத்தார்கள். அவளைக் காணோமே என்று ஒருவரும் தேடவில்லை. பயத்தில் வேலை சொல்லவும் மறந்திருந்தார்கள்.

மாமியார் மதியந்தோறும் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

“நெஞ்சு வலி இப்ப இல்லையேப்பா? அங்க வெளிச்சம் இருக்கா?”

உள்ளே பேனா நின்றுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கதவின் அந்தப் பக்கம் ஒரு கிழவி பதிலுக்காகக் காத்திருப்பாள். சில நேரம் தன் தோளுக்குப் பின்னால் அவனும் நின்று அதைக் கேட்பதுபோல் அவளுக்குப் பிடரி சில்லிடும்.

பத்தாம் நாள் மாமியார் அழுதேவிட்டாள்.

“உம் பொண்டாட்டிய இங்கேருந்து நான்தாண்டா கிளப்பினேன். அவ ராசிதான் உன்னக் கொண்டு போச்சுன்னு நாலு பேரு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். நடையில கெடக்குறா பாவம். எம்மேல கோவமா? ஒரு வார்த்தை பேசுடா.”

பேசாமல் இருந்தால் அறை அவளுக்கு மிஞ்சும். பேனாவைக் கீழே வைத்தாள்.

“அழாதீங்க அத்தை. நான்தான்.”

பூட்டில் சாவி தடுமாறித் திரும்பியது. கதவைத் திறந்த மாமியார் நாற்காலியைப் பார்த்தாள், அறை முழுக்கத் தேடினாள், மறுபடி நாற்காலிக்கே வந்தாள்.

“நீயா?” என்றாள். “இத்தனை நாளும் நீதானா?”

இரண்டாம் தடவை மகனைப் பறிகொடுத்தவள்போல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தனுக்குப் போன உயிர் திரும்பியது. அறைக்குள் வந்து நீள அகலத்தைக் கண்ணால் அளந்தான்.

“அப்ப ரூம் சும்மாத்தான் கெடக்குதா?”

“நான் எழுதுறேன் தம்பி.”

“அதான் அண்ணி, சும்மாத்தானே கெடக்குது?”

சாயங்காலத்துக்குள் அவனுடைய குழாய்க் கடைச் சரக்கில் பாதி அங்கே வந்து இறங்கியது. பேயிருந்த அறையில் கால் வைக்க அஞ்சியவர்கள் பெண்ணிருந்த அறையில் கூரைவரை பெட்டி அடுக்கினார்கள். மாமியார் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில் தரையைத் தேய்க்கும் பெரிய சத்தம் கேட்டது. அவள் மேஜையைத் தனியாளாக இழுத்து வந்து கூடத்தின் நட்டநடுவில் போட்டாள். நாற்காலியையும் கொண்டு வந்தாள். இந்தத் தடவை முழுதாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

தோளில் ஒரு பெட்டியோடு வந்த கொழுந்தன் முட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன அண்ணி இது? நடக்குற வழியில?”

அவள் நிமிரவில்லை. அவன் தாயைப் பார்த்தான்.

“அம்மா, நீயாவது சொல்லேன்.”

மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சிவந்த கண்களால் மருமகளின் கை தாளில் நகர்வதைச் சிறிது நேரம் பார்த்தாள்.

“கண்ணு தெரியல உனக்கு? சுத்திப் போ.”

அவன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, சுவரை உரசியபடி பக்கவாட்டில் நகர்ந்து போனான்.