ஒரு கட்டு பீடி

“பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? இருந்தா அதனாலகூட இது ஏறியிருக்கலாம்,” என்று டாக்டரம்மா சொன்னதும் ஜோதிமணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். உண்டு என்று சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது.

“இல்லீங்க மேடம். உட்டு பத்து வருசமாச்சு,” என்றான் மாதேஷ்.

போன வருஷம் பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஓசூருக்கு வந்து ரத்தம் கொடுக்கிறான். அதில் சிஇஏ என்ற புரதத்தைத் தேடுகிறார்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் குடல் அதை நிறையச் சுரக்கும். பிறந்ததும் ஏறக்குறைய நிறுத்திவிடும். புற்று பிடித்த செல்லோ, வளர்ந்த உடம்புக்குள் இருந்துகொண்டு அந்தப் பழைய வேலையை மறுபடி தொடங்கிவிடும். கட்டியை எடுத்தால் அளவு இறங்கும். இறங்கியது திரும்ப ஏறினால், ஈரலிலோ நுரையீரலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துளி போய் உட்கார்ந்திருக்கலாம். இதுவரை இரண்டைத் தாண்டாத எண், இன்று ஏழு.

“ஏழுன்னா பரவிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா. பீடி குடிக்கறவங்களுக்கு நோய் இல்லாமலேகூட கொஞ்சம் ஏறும். இவருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்,” என்றார் டாக்டரம்மா.

கல்யாணமான புதிதில், மாதேஷ் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் அவன் சட்டைக் காலரை மோந்து பார்ப்பாள். பீடி நாற்றம் அடித்தால் அன்றைக்கு அவனோடு பேச்சே கிடையாது. அப்படிச் சண்டை பிடித்துத்தான் நிறுத்த வைத்தாள். கெலமங்கலம் பஸ்ஸுக்காக அவனருகில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தச் சண்டை நாட்களில் ஒன்றை, ஒரே ஒன்றை, யாராவது திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

“நெசமா குடிக்கறதில்லியா? கம்பெனில யாராச்சும் குடுத்தா? ஒண்ணே ஒண்ணு?”

“என்னாடி, குடிக்கலன்னு வருத்தமா?”

“திட்ட மாட்டன். சொல்லுங்க.”

அவன் அவளையே பார்த்தான். சிப்காட் பக்கமிருந்து லாரி ஒன்று வந்து கடந்து போனது.

“குடிக்கறன்,” என்றான். “நைட் ஷிஃப்ட்ல. ரெண்டு மூணு.”

“அப்ப ஏன் டாக்டரம்மாகிட்ட இல்லன்னீங்க?”

“நீதான் பக்கத்துலயே போலீசாட்டம் ஒக்காந்திருந்தியே.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் சந்தேகம் வந்தது. அவன் சட்டைகளை இன்றைக்கும் அவள்தான் துவைக்கிறாள். விறுவிறுவென்று பெட்டிக்கடைக்குப் போனாள்.

“ஏனு பேக்கம்மா?” என்று என்ன வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர்.

“ஒந்து கட்டு பீடி கொடண்ணா.” தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். “குடிங்க. பாக்கறன்.”

“ஏய், பஸ்ஸு வந்துரும்டி.”

“வரட்டும்.”

மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. மாதேஷ் ஆழமாக இழுத்தான். இருமல் வந்துவிடுமோ என்று அவள் அவன் தொண்டைக்குழியையே பார்த்தாள். இருமல் வரவில்லை. புகையும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்களில் நீர் கட்டிக்கொள்ள, உதட்டை இறுக மூடியபடி அவன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான்.