போனட்டின் மேல் காய்ந்த புகை

…டப்பாவைச் சுற்றியிருந்த ஐஸைப் பூதலப்பட்டு பஸ் நிறுத்தத்தில் கொட்டியதுதான் சரி, ஈரம் பட்டால் வெல்லமே கசிந்து உருகும்போது வெல்லப் புகை எம்மாத்திரம், சித்தூரில் தலை நரைக்கக் காய்ச்சிய எனக்கா தெரியாது? "நைனா, டப்பாவ ஐஸ்லயே வச்சுக்கினு வா, தொறக்காத" என்றாள் தபீதாள், என் மகள், திருப்பதியில் கம்ப்யூட்டர் மேய்ப்பவள். என் வெல்லக் கொட்டகைக்கு எதிரே பள்ளிக்கூட மாடியில் வட்டத்தாள் வைத்துப் புகைத்துகளைப் பிடித்தாள், அந்தத் தாள்தான் டப்பாவில், அதன் எடை என் புகை இவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொன்னதோடு ஒத்துப்போனால் அவளுக்கு டாக்டர் பட்டம், எனக்குப் புகைபோக்கியை உயர்த்தும் தண்டனை. கண்ணுக்குத் தெரியாத ஆவியும் குளிர்ந்தால் துகளாகிவிடுமாம், அதையும் கூட்டியிருக்கிறாளாம், கணக்கு பாதிக்குப் பாதி தவறலாமாம்… பாதி தவறுகிற தராசோடு நான் மண்டிக்குப் போனால் கல்லெறிவார்கள். என் புகையை எனக்குத் தெரியாதா, ஒரு மார்கழியில் அது கலையாமல் பலமனேர் போய் நின்றது, அங்கே எருமைகள் சர்க்கரை வேண்டாத பால் கறந்தன, பால்காரனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், அவன் கைநாட்டு என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் டிரைவர் ரங்கையாவின் பக்கத்தில் எஞ்சின் போனட் கொதிக்கிறது, டப்பாவைத் திறந்து அதன்மேல் வைத்திருக்கிறேன், தாள் நன்றாகக் காயட்டும். "பெரியவரே, டப்பால இன்னா?" "புகை." "ஆறிப்போறதுக்குள்ள துன்னுடு" என்றான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நல்ல பிள்ளை. சந்திரகிரி தாண்டியதும் பின்சீட்டு அம்மாள் ஒருத்தி, "எங்கயோ வெல்லம் காச்சுறாங்க, வாசனை பாரேன்" என்றாள், பஸ்ஸே மூக்கை உறிஞ்சியது, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, வாசனை என்றால் என் கொட்டகை வாசனை… ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இருபுறமும் பாறை. கொட்டகை இல்லை, அடுப்பு இல்லை. அப்படியானால் எங்கிருந்து? தாளைப் பார்த்தேன், காலையில் கடுங்காப்பி நிறம், இப்போது பால் ஊற்றிய மாதிரி. ஆவி குளிர்ந்தால் துகள் என்றாளே, துகள் சுட்டால் மறுபடி…? மூடியை அழுத்தினேன், டப்பா சுட்டது. ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பாள், ஐஸ் எங்கே என்பாள், எடை குறையும், புகைபோக்கி தப்பும், நான்தான் ஜெயித்தேன், அதில் சந்தேகமே இல்லை, புரொபசர்கள் முன்னால் அவள் கணக்குத்தான் தோற்று நிற்கும்… ஆனால் இந்தப் பஸ் முழுக்க மூச்சில் இழுத்துக்கொண்டு இறங்கப்போகிறதே, அதை எந்தத் தராசில் ஏற்றச் சொல்வேன் அவளிடம்?