மச்சாது மாஸ்டர் இன்னும் ஊதவில்லை

மச்சாது மாஸ்டர் சாக்ஸபோனை வாயில் வைத்து ஆறு வருடங்கள் ஆகின்றன. இன்னும் ஊதவில்லை. பொன்னாடைகள் முடியவில்லை.

தூத்துக்குடிக்காரர். எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருடங்கள் ஜாஸ் வாசித்தவர். இது அவருக்கான பாராட்டு விழா. மேடை ஏறியதும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அப்போது முதல் பொன்னாடை விழுந்தது. அந்த மூச்சை இன்னும் விடவில்லை.

பொன்னாடைகளை எடுப்பது என் வேலை. ஒன்றை எடுப்பதற்குள் மூன்று விழுகின்றன. இப்போது அவர் ஒரு சிறிய குன்று. சாக்ஸபோனின் வாய் மட்டும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. போன மாதம் அதற்கும் போர்த்திவிட்டார்கள்.

ரசிகர்களின் வரிசை பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போகிறது. வரிசையிலேயே கல்யாணங்கள் நடந்தன. பிறந்த குழந்தைகளும் பொன்னாடையோடு நிற்கின்றன. நல்ல மனிதர்கள். மாஸ்டர் பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறார்கள்.

முன்னால் நின்றவரிடம் கேட்டேன்.

"அவர் வாசிச்சதுல உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எல்லாமே, தம்பி. அவரு எங்க உயிரு."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"நான் கேட்டதில்ல. எங்கப்பா கேட்டிருக்காரு. ஒரு தடவ, ரோட்டக் கடக்கும்போது."

விழாச் செயலாளர் தமயந்தியிடம் போனேன்.

"மேடம், அவரை ஊத விடுங்க. மூச்சு தீரப்போகுது."

"இப்ப ஊதுனா கூட்டம் கலைஞ்சிரும். கொண்டுவந்த பொன்னாடைய யாராவது வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? நன்றியுரைக்கு அப்புறம் ஊதட்டும்."

"நன்றியுரை எப்போ?"

"நன்றி சொல்ல வேண்டியவரு வரிசையில நிக்கிறாரு."

நான் பொன்னாடைகளுக்குள் நுழைந்தேன். சரிகை கையைக் கீறியது. அரை நாள் தவழ்ந்தேன். நடுவில் ஓர் அறை இருந்தது. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பி, முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

வாயோரமாகப் பேசினார். "நீயும் போத்த வந்தியாலே?"

"இல்ல. நீங்க வாசிக்கிறதக் கேக்க வந்தேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் அந்த மூச்சை எங்காவது விட்டாக வேண்டும். ஊதினார்.

முதலில் கரகரத்தது. பிறகு தெளிந்தது. மெதுவான மெட்டு. ஒரு மனிதன் தன் வீட்டு மாடிப்படியில் இறங்குவதுபோல இறங்கியது. நடுவில் ஒரு படியில் தடுமாறியது. சமாளித்துக்கொண்டு தரைக்கு வந்தது. துணிகளைத் தாண்டி வெளியே எதுவும் போயிருக்காது.

நான் கைதட்டவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நடுவுல ஒரு இடத்துல சறுக்கிட்டீங்க."

அவர் சாக்ஸபோனை மடியில் இறக்கினார்.

"அம்பது வருசமா அங்கதாம்ல சறுக்குது. ஒரு பயலும் சொன்னதில்ல."

ஸ்டூலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். மேலே இன்னொரு பொன்னாடை விழுந்தது. அவர் மூச்சை இழுத்தார்.