கடைக்காரர் தூங்கிய மத்தியானம்

ஊரில் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவனுடைய அண்ணன் நார் மெத்தைக் கம்பெனி நடத்துகிறார். நார் வாங்குவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அவர் பாடு. விற்பது தம்பியின் வாய். அந்த வாயை நம்பித்தான் அவனைக் கடல் கடந்து, அப்போதுதான் வீடும் கடையுமாக முளைத்துக்கொண்டிருந்த ஓர் அயல்நாட்டு நகரத்துக்கு அனுப்பி வைத்தார்.

"அங்க இப்பத்தான் ஜனங்க கட்டில் வாங்க ஆரம்பிச்சிருக்காங்களாம். கட்டில் வாங்கினவன் மெத்தை வாங்காம எங்க போவான்? வேற எவனும் போறதுக்குள்ள நீ போய்த் துண்டைப் போட்டுடு" என்றார் அண்ணன்.

ரேடியோ போனான். பாதித் தெரு தார், மீதித் தெரு செம்மண். எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அடுத்த மாடி கட்டக் காசு சேரட்டும் என்று காத்திருப்பதுபோல. கடைவீதியிலேயே பெரிய கடை ஒரு கட்டில் கடை. அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடி வைத்த பீரோக்கள், மரக் கட்டில்கள். நடுவே ஒரு மர நாற்காலியில், உலக்கையை விழுங்கினவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கடைக்காரர். ஐம்பது வயது இருக்கும். அடர்ந்த மீசை. சிரிப்பு அந்த மீசைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

பாஷைக்குக் கவலையில்லை. கடைக்காரரின் மகள் தமிழ் பேசினாள்.

"நான் உங்க பக்கம்தான் நர்சிங் படிச்சேன், அண்ணா. ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டித் திட்டியே தமிழ் கத்துக்கிட்டேன்" என்றாள்.

ரேடியோவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. விற்பனை மாதிரியாகக் கொண்டுபோன பூத்துணி மெத்தையைக் கடை நடுவில் ஒரு கட்டிலில் விரித்தான். நாரின் பெருமை சொன்னான். மெத்தையைத் தட்டினான், மடக்கினான், அதன்மேல் ஏறிக் குதித்தும் காட்டினான். அவள் மூச்சுப் பிடித்துச் சுருக்கமாக மொழிபெயர்க்க, கடைக்காரர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துத் தலையை ஆட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அப்பா சரிங்கிறார்" என்றாள் மகள்.

மறுநாள் விலை சொன்னான். சரி என்றார். அதற்கு மறுநாள் ஒரு கன்டெய்னர் கணக்குச் சொல்லி, கப்பல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்றெல்லாம் ஒப்பித்தான். அதற்கும் சரிதான். அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு, "காரியம் பழம்ணே, ஒரு கன்டெய்னர்" என்று சொல்லிவிட்டான். அண்ணன் அந்தச் சூட்டோடு ஒரு லாரி நாருக்குச் சொல்லி, தையலுக்குக் கூடுதலாக ஆளும் வைத்துவிட்டார்.

கடைசி நாள் சாயங்காலம் விமானம். மத்தியானம் பெட்டியோடு கடைக்கு வந்த ரேடியோ, ஆர்டர் தாளை எடுத்து நீட்டினான்.

"இது எதுக்கு?" என்றாள் மகள்.

"கையெழுத்துப் போடத்தான்மா."

"அப்பா இன்னும் வாங்குறேன்னு சொல்லலையே."

"என்னம்மா இப்படிச் சொல்றே? வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் சரி சரின்னாரே?"

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, இங்க சரின்னா காதுல விழுந்துச்சு, மேல சொல்லுன்னு அர்த்தம். வாங்குறேன்னு அர்த்தமில்ல."

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?"

ரேடியோவின் கண் முன்னால் ஒரு லாரி நார் வந்து நின்றது. அதன் மேல் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. விவரம் தெரிந்த நாள் முதல் அவனுக்கு இப்படி ஆனதில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

அவன் வந்த நாளிலிருந்து கடையில் முதன்முறையாக அமைதி உண்டாயிற்று.

அந்த அமைதியில்தான் கடைக்காரர் எழுந்தார். ஒரு கை நாற்காலியில், ஒரு கை இடுப்பில். மெல்ல நடந்து வந்து மெத்தையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, ஒவ்வொரு எலும்பாக இறக்கி வைப்பவர்போல, மல்லாக்கச் சாய்ந்தார். ரேடியோ எதையோ விளக்கப் பாய்ந்து எழுந்தான். மகள் உதட்டில் விரல் வைத்தாள். இரண்டு மூச்சு போனது. மூன்றாவது குறட்டையாக வந்தது.

"ஐயையோ, தூங்கிட்டாரா? எனக்குப் பிளேன் இருக்கேம்மா. எழுப்பலாமா?" என்று கிசுகிசுத்தான்.

அதற்குள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தூக்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் நிறையப் பேசினாள். எல்லாம் ரகசியக் குரலில்.

"அப்பா ஏணியிலேருந்து விழுந்து இடுப்புல அடி. அன்னையிலேருந்து படுத்தா வலி. நாற்காலியிலயே உட்கார்ந்து கண்ணை மூடிக்குவார். கட்டில் கடைக்காரனுக்கே படுக்க முடியலைன்னா ஊரு சிரிக்கும்னு யார்கிட்டயும் சொல்லவிடல" என்றாள் மகள்.

அம்மா ரேடியோவைப் பார்த்து இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். கையால் ஊசி குத்தும் சைகையும் செய்தாள்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவரை எழுப்பினா உங்களை அந்த மெத்தைக்குள்ளயே வச்சுத் தச்சிடுவாங்களாம்."

கடை என்றால் ஆள் வரத்தானே செய்யும். முதலில் நாற்காலி வாங்க ஒரு பஸ் டிரைவர் வந்தார். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். ரேடியோ ஓடிப்போய் அவர் முன்னால் கைகூப்பி, கட்டிலைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிற பாவனை செய்தான். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, பூனை மாதிரி நடந்து, விரலாலேயே விலை பேசி நாற்காலி வாங்கினார். வாங்கியவர் போகவில்லை. அதையே போட்டு உட்கார்ந்து, கடைக்காரரை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

அடுத்து, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கட்டில் பார்க்க வந்தவர்கள், மகளிடம் ஏதோ கேட்டார்கள்.

"அது வேணுமாம்" என்றாள்.

"எது?"

"அப்பா படுத்திருக்கிறது."

"அவரோட சேர்த்தா, தனியாவா?"

மகள் சிரிப்பை அடக்க முந்தானை தேடி, அது இல்லாததால் கணக்குப் புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டாள். ஜோடி ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தது. எதிர்க்கடைத் தையற்காரர் வந்தார். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வந்தார். அவர் பின்னால் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் வந்தார். சற்று நேரத்தில் கடை சினிமாக் கொட்டகை மாதிரி நிறைந்துவிட்டது. ஒருவர் தும்மப் போக, மூக்கைப் பிடித்துவிட நாலு பேர் கை நீட்டினார்கள்.

ரேடியோவின் போன் அதிர்ந்தது. மனைவி.

"கிளம்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா" என்றான் அடிக்குரலில்.

"ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே. பக்கத்துல யாரு?"

"ஒருத்தர் தூங்குறார்."

"யாரு தூங்குறா?"

"கடைக்காரர். நம்ம மெத்தையில."

"எழுப்பித் தொலைச்சுடாதீங்க" என்று அவளும் அடிக்குரலிலேயே சொல்லிவிட்டு வைத்தாள்.

விமான நிலையம் போகச் சொல்லி வைத்திருந்த டாக்சி வந்தது. டிரைவர் ஹாரனில் கை வைக்கும் முன் ரேடியோ தெருவுக்குத் தாவினான். பெட்டி கையில் இருந்தது. ஏறினால் விமானத்தைப் பிடித்துவிடலாம். திரும்பிப் பார்த்தான். கடைக்காரரின் மீசை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்காரன் ஒருத்தன், தூங்குகிற மனுஷனைத் தட்டி எழுப்பிக் கையெழுத்துக் கேட்டால் அந்தப் பாவம் தொழிலைச் சும்மா விடாது என்று அவனுக்குப் பட்டது. சொல்லாமல் ஓடுவதும் முறையில்லை. வந்ததற்கான கூலியை வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்பினான்.

வெயில் தாழ்ந்த பிறகு கடைக்காரர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது. உடனே எல்லாரும் அவரவருக்கு அகப்பட்ட பீரோவையும் விட்டத்தையும் கவனமாகப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார். காலைக் கீழே வைத்தார். எழுந்தார். இடுப்புக்குக் கை போகவில்லை என்பதை அவர் மனைவிதான் முதலில் கண்டாள்.

அவர் ரேடியோவைப் பார்த்து ஏதோ சொன்னார். கடையே சிரித்தது.

"உங்க பேச்சு மெத்தையைவிடத் தடிமனா இருந்துச்சாம், அண்ணா. அதைத் தாண்டி மெத்தையைத் தொட்டுப் பார்க்கவே முடியலையாம்."

ரேடியோவின் நாக்கில் பத்துப் பதில் வந்து நின்றது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "இப்பத் தொட்டுப் பார்த்தாச்சே, எப்படி இருக்குன்னு கேளும்மா" என்றான்.

கடைக்காரர் நேராகச் சண்டைக்கு வந்துவிட்டார். பூப்போட்ட துணி ஆகாது. இந்தச் செம்மண் புழுதிக்குக் கறுநீலம்தான் தாங்கும். அகலம் போதாது, இங்கே கட்டில் பெரிசு. விலையைக் குறைக்க வேண்டும். அதுவும் முதலில் அரைக் கன்டெய்னர்தான். குரல் ஏறியது, மேஜையைத் தட்டினார். ரேடியோவின் முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா, இவ்வளவு கோபமா?"

மகள் பூரித்துப்போயிருந்தாள். "கோபம் இல்லண்ணா. வாங்கப் போறார். வேணாம்னா மரியாதையாத் தேநீர் கொடுத்துத் தலையாட்டிட்டே இருப்பார். வேணும்னாத்தான் சண்டை."

அப்படியா சங்கதி என்று ரேடியோ சட்டைக் கையை மடக்கினான். துணிக்கும் அகலத்துக்கும் ஒப்புக்கொண்டான். விலையில் கொஞ்சம் இறங்கினான். அரைக் கன்டெய்னருக்கு மட்டும் அசையவில்லை. காத்திருந்தவர்களைக் கையால் சுட்டிவிட்டுப் பேசாமல் நின்றான். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் டிரைவர் கை தூக்கினார். ஜோடி எழுந்து நின்றது. பாதித் தலைக்காரரும் தனக்கு ஒன்று என்றார். முழுக் கன்டெய்னருக்குக் கையெழுத்து விழுந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டபோது அவர் முதலில் கேட்டது, "பூத்துணியைக் கட்டுக் கட்டா வாங்கி வச்சிருக்கேனேடா, என்ன பண்றது?"

"அதுல தலகாணி தைங்கண்ணே. அதை அடுத்த தடவை நான் வித்துக்கிறேன்."

மாதிரி மெத்தை மட்டும் ஜோடிக்குக் கிடைக்கவில்லை. கடைக்காரரின் மனைவி அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அதை வீட்டுக்கே எடுத்துப் போவதென்று முடிவாயிற்று. அடுத்த விமானம்வரை ரேடியோவும் அந்த வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

இரண்டு சுமைகாரர்கள் மெத்தையைத் தலையில் ஏற்றினார்கள். பின்னால் கடைக்காரர் கை வீசி நடந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் ஆட்கள் நின்று விசாரித்தார்கள். அவரும் நின்று நின்று பதில் சொன்னார். பாதித் தெரு தாண்டும்போது நாலு தூறல் விழுந்தது. நனைந்தால் கெட்டுவிடுமே என்று கடைக்காரர் கத்தியதுதான் தாமதம், பழக்கடையிலிருந்து ஒருவர் தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடி வந்தார். தையற்காரர் ஒரு முனை, பஸ் டிரைவர் ஒரு முனை, மகள் ஒரு முனை. நாலாவது முனையை ரேடியோ பிடித்துக்கொண்டான். மெத்தை நனையாமல் போயிற்று. அதைத் தூக்கியவர்களைத் தவிர மற்ற எல்லாரும் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.