கோட்டையை மெதுவாகப் பார்த்தவர்

ஆம்பூர் மக்பூல் அகமது, தம் மனைவி வேலூர்க் கோட்டையை இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அந்த மழைக்காலம் முழுவதும் உயிரோடிருந்தார். நுரையீரல் இரண்டும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியின் மருத்துவர்கள் இக்காரணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை. காலையில் வார்டைச் சுற்றிவரும்போது அவர் மனைவி பில்கிஸிடம், "இன்னைக்கு எங்கம்மா போறீங்க?" என்று விசாரித்த பிறகே நாடியில் கைவைத்தார்கள்.

இந்நிலை ஊருக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறையாகும். பெருந்தொற்று ஓய்ந்த பின் வந்த ஆண்டில், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகளை அழைத்துவந்து ஆஸ்பத்திரிக்கு எதிரிலுள்ள லாட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். துணைக்கு வந்தவர் இந்நகரிலோ சுற்றுவட்டாரத்திலோ தாம் இதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டு மனதார வியந்துவிட்டால், படுக்கையிலிருப்பவருக்கு அந்த ஒரு நாள் கிடைத்தது. பரிசோதனை முடிவுகளுக்குக் காத்திருக்கும் வேளையில் அவர்கள் அனைவரும் ஊர் சுற்றிப் பார்ப்பது முன்பிருந்தே வழக்கம். கோட்டை, அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், தேவாலயம், அருங்காட்சியகம், ஊருக்கு வெளியே பொற்கோயில் என்று வேன்காரர்கள் காலையில் ஏற்றிச்சென்று மாலையில் இறக்கிவிடுவார்கள். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவ்வாறே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பினார். அன்று அவர் மனைவி எழுந்து உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிச் சோறு உண்டு, சீப்பு கேட்டு வாங்கித் தலைவாரிக்கொண்டார். மறுநாள் ஆசிரியருக்குப் பார்க்க எதுவும் மீதமிருக்கவில்லை, அம்மையார் காலமானார். அதன்பின் லாட்ஜுக்காரர்கள் கூடிச்சென்று கேட்டுக்கொண்டதன் பேரில், வேன் உரிமையாளர் தம் வண்டியிலிருந்த 'ஒரே நாளில் வேலூர்' என்ற எழுத்துகளை அழித்து 'மெதுவாக வேலூர்' என்று எழுதிக்கொண்டார். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளைத் துணைக்கு வந்தவர்கள் நன்றியோடு வரவேற்றார்கள். பராமரிப்புக்காக ஏதேனும் ஒரு வாயில் மூடப்பட்டால் காவலாளிக்கு இனிப்பு வந்தது.

இதில் உள்ளூராருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அவர்கள் எதையுமே பார்த்ததில்லை. கோட்டையை ஒட்டி நாள்தோறும் பேருந்தில் போகும் சத்துவாச்சாரிக்காரர்கள்கூட, அது எங்கே போய்விடப்போகிறது என்று எண்ணி உள்ளே நுழையாமலேயே தலை நரைத்தவர்கள். பில்கிஸின் நிலையும் இதுவே. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் எனப்படும் மேல்தோலைத் தைக்கும் வரிசையில் அமர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து வாழ்ந்தவர். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வாசலில் செய்வதறியாது நின்றவரிடம், பாகாயத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் சூரியபிரகாஷ் வந்து பேச்சுக்கொடுத்தார்.

"பாயம்மா, கோட்டைய பாத்துருக்கீங்களா?"

"பஸ்ல போறப்போ மதில் தெரியும்."

"அடடா, மதில் போச்சா. வேற இன்னா பாத்தீங்க?"

"வேற ஒண்ணும் பாக்கல தம்பி. எனக்கு ஏது நேரம்?"

"ஒண்ணுமேவா?" சூரியபிரகாஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கவலைய வுடுங்க. பாய் எப்டியும் தீபாவளி வரைக்கும் இருப்பாரு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பில்கிஸ் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினார்.

இவ்வாறு பில்கிஸ் கோட்டையைப் பார்க்கத் தொடங்கினார். அவரைப் போல் சிக்கனமாக அதைப் பார்த்தவர் வேறெவரும் இல்லை என்று அங்குள்ள காவலாளிகள் இன்றும் சொல்கிறார்கள். முகத்திரையைத் தாழ்த்திக்கொண்டு, தரையை மட்டும் நோக்கியவாறு, சூரியபிரகாஷின் சட்டை நுனியைப் பற்றி நடப்பார். அவர் நிறுத்தும் இடத்தில் நின்று, விரல்களுக்கிடையே கண்ணைத் திறந்து ஒன்றை மட்டும் காண்பார். முதல் நாள் அகழியின் நீர். மறுநாள் அந்நீரில் விழுந்த மதிலின் நிழல். கோயிலின் முன் மண்டபத்துத் தூண்கள் பல வாரங்களுக்குக் கைகொடுத்தன. அங்கு யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்றுண்டு. பில்கிஸ் காளையின் உடலை உள்ளங்கையால் மறைத்து யானையை ஒரு நாளும், யானையை மறைத்துக் காளையை மறுநாளும் கண்டு, ஒரே தலையிலிருந்து இரண்டு நாட்களைப் பெற்றார். "அந்தப் பக்கம் திரும்பாதீங்க பாயம்மா, அது நாளைக்கு!" என்று சூரியபிரகாஷ் பதறுவதும், அக்குரல் கேட்டு அருகில் நிற்கும் வங்காளிகளும் தத்தம் கண்களைப் பொத்திக்கொள்வதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின.

ஆயினும் காண்பது மட்டும் போதாது, வியக்கவும் வேண்டும், அதுதான் பெருந்துன்பமாயிற்று. வார்டின் நடைபாதையில் உட்கார்ந்தபடியே உறங்கி எழுகிற ஒருவருக்கு நாள்தோறும் வியப்பு எங்கிருந்து வரும்? ஒருநாள் கோட்டையிலிருந்த பழைய பீரங்கியின் எதிரில் நின்று எவ்வளவோ முயன்றும் அவர் மனம் அசையவில்லை. அதைத் தொட்டார், தட்டினார், "யா அல்லா, எவ்ளோ பெருசு" என்று வாய்விட்டும் சொன்னார். பொய் ஒன்றும் பலிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் மகள் ஹீனா கைபேசியில் அழைத்து, அத்தாவுக்கு உதடு நீலம் பாரிக்கிறது என்றாள். பில்கிஸ் திசையறியாது ஓடி அகழியின் கரையில் விழுந்தார். அங்கே ஒரு தண்ணீர்ப் பாம்பு தன் வாய்க்கு அடங்காத மீனொன்றைக் கவ்வி, விழுங்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் கிடந்தது. அவர் தம்மை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீனா மீண்டும் அழைத்து, நிறம் திரும்பிவிட்டது என்றாள்.

கோட்டை தீரும் காலமும் வந்தது. சூரியபிரகாஷ் கணக்குப் பார்த்து, பொற்கோயில் இருக்கிறது, அமிர்தி அருவி இருக்கிறது, ஆற்காட்டில் தில்லி வாயில் இருக்கிறது, ஏலகிரிக்கும் காவலூர்த் தொலைநோக்கிக்கும் போனால் வேனிற்காலம் வரை நகர்த்திவிடலாம் என்று தைரியம் சொன்னார். அப்போதுதான் அந்தப் பிழை நேர்ந்தது. வாணியம்பாடியில் கல்லூரியில் படிக்கும் ஹீனா, அம்மா படும் பாட்டைக் காணப் பொறுக்காமல், இனி எங்கெங்கே செல்லலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய விரும்பினாள். ஒரு மாலையில் தாயின் அருகில் அமர்ந்து, "இத பாரும்மா, இன்னும் எவ்ளோ இருக்கு, நீ பயப்படாத" என்று கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். வேலூரைச் சுற்றி அவசியம் காணவேண்டிய இடங்கள் அனைத்தையும், மேலே பறக்கும் கேமராவால் எடுத்து, இசை சேர்த்து, மூன்று நிமிடத்தில் யாரோ அடக்கியிருந்தார்கள். களைத்துப்போயிருந்த பில்கிஸ் அதை முழுவதும் பார்த்தார். பொன் வேய்ந்த விமானம், மரங்களுக்கிடையில் விழும் அருவி, மலையேறும் சாலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. "இவ்ளோ அழகா இருக்குமா நம்ம ஊரு?" என்று மனதார வியந்தார்.

தாம் சொன்னதன் பொருள் அவருக்கு உடனே விளங்கவில்லை. ஹீனாவுக்கே முதலில் விளங்கிற்று. கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவள் தன் கன்னத்தில் மாறிமாறி அறைந்துகொள்ள, பில்கிஸ் அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு வேனிற்காலம் வரை வரவேண்டியிருந்த இடங்கள் யாவும் ஒரே நாளுக்குச் செலவாகிவிட்டன. மறுநாள் விடிந்ததும் மக்பூல் அகமதுவின் மூச்சு தடுமாறத் தொடங்கியது. மருத்துவர், பார்க்க வேண்டியவர்களை அழைத்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

சூரியபிரகாஷ் அன்று வேறு சவாரி ஏற்றவில்லை. பில்கிஸை அமர்த்திக்கொண்டு, இடத்தின் பெயரே சொல்லாமல் ஓட்டினார். மணல் தெரியும் பாலாற்றை ஆற்றுப்பாலத்தின் மேலிருந்து காட்டினார். பில்கிஸ் பிறந்ததிலிருந்து கண்டுவரும் ஆறு அது. புதிய பேருந்து நிலையத்தைக் காட்டினார். பேரணாம்பட்டில் சகோதரி வீட்டுக்குப் போய்ப் பழகியவருக்குப் பீடி சுற்றும் கைகளைக் காட்டினார். ஆட்டோவைத் திருப்பி நெடுஞ்சாலையில் விரைந்து ஆம்பூருக்கே கொண்டுபோய், தோல் பதனிடும் ஷாப்புகளின் மதில்களுக்கு வெளியே நீலத் தோல்கள் உலர்வதையும் காட்டினார். பில்கிஸுக்கு அந்த நாற்றம்கூடப் புதிதாக இல்லை.

"இன்னாதான் பாக்கல நீங்க? எதனா சொல்லுங்க பாயம்மா, நான் இட்டுனு போறேன்," என்று அவர் கெஞ்சினார்.

"போதும் தம்பி, திருப்பு. அவர் கிட்ட போயிடலாம்."

"அப்டி சொல்லாதீங்க. திருப்பதி போலாமா?"

"அது வேற ஊரு. நம்ம ஊரு முடிஞ்சுபோச்சு."

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வார்டில் யாரோ திரைச்சீலையை விலக்கியிருந்ததால் கட்டிலின் மேல் வெளிச்சம் நேராக விழுந்தது. இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மக்பூல் அகமது தோல் ஷாப்பில் இரவெல்லாம் தோல் ஊறும் டிரம் ஓட்டியவர். பில்கிஸ் பகலெல்லாம் ஷூ தைத்தவர். கணவர் வீடு திரும்பும் நேரத்தில், மனைவியை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். திருமணத்தன்று பில்கிஸ் தலைகுனிந்திருந்தார். அதன்பின் மகள் கல்லூரிக்குச் செல்லும் வயதாகும் வரை, வாசலில் எதிரெதிரே கடந்துசென்றதே அவர்களுடைய இல்லறத்தில் பெரும்பகுதி. ஆம்பூர்ப் பக்கத்தில் இது எவருக்கும் புதுமையன்று. இப்போது கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்த பில்கிஸ், வெயிலில் சிவந்து ஒளி ஊடுருவிய அவருடைய வலது காதைக் கண்டார். அதன் மடலில், வெகு காலத்துக்கு முன் கிழிந்து சேர்ந்த ஒரு சிறு தழும்பு இருந்தது.

"இது இன்னாங்க? இவ்ளோ நாளா நான் பாக்கவே இல்லியே!"

படுக்கையிலிருந்தவரால் பேச முடியவில்லை. ஆனால் அவருடைய மூச்சு மெல்ல மெல்ல ஒழுங்கிற்கு வந்தது. பில்கிஸ் இடது காதின் பக்கம் போன கண்ணைச் சட்டென்று மூடிக்கொண்டு, போர்வையை இழுத்து அவருடைய நெற்றிவரை மூடினார். வாயிலில் நின்ற சூரியபிரகாஷும் பழக்கத்தால் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் பில்கிஸ் கணவரின் ஒரு புருவத்தைப் பார்த்தார். அதன் பிறகு தோல் பதனிடும் குரோம் ஏறி நீலம் பிடித்த நகங்களை, ஒரு நாளைக்கு ஒன்றாக. முழங்கையில் எந்திரம் உரசிய வடு, உறங்கும்போது மடங்கும் பெருவிரல், சிரிப்பதற்கு முன் ஒருபுறம் இழுக்கும் உதடு என்று அது நீண்டது. உடல் ஓரளவு தேறிப் பேச்சு வந்தபின் மக்பூல் அகமதுவுக்கு இது மிகவும் வெட்கமாயிருந்தது. "நான் இன்னா கோட்டையா? வர்றவன் போறவன்லாம் சிரிக்கிறான்," என்று கடிந்துகொண்டார். "சும்மா படுங்க. கழுத்து இன்னும் பாக்கல," என்று பில்கிஸ் பதிலளித்தார். சில மாதங்களில் மருத்துவர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இச்செய்தி லாட்ஜுத் தெருவில் பரவியதிலிருந்து, துணைக்கு வருபவர்கள் முதலில் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்கிறார்கள். அப்படியும் பார்த்து முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கூட்டிவந்தவரைக் கூட்டிப்போகாமல் திரும்பும் ரயில் இன்றும் நாள்தோறும் காட்பாடியிலிருந்து புறப்படுகிறது. வேன்காரர் பழைய எழுத்துகளை மீண்டும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆண்டுகள் சில சென்றுவிட்டன. பில்கிஸ் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் தைக்கிறார். நாளுக்கு ஒருமுறை, வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில், ஊசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்க்கிறார். முதுகை இன்னும் தொடவில்லை. முடித்துவிட்டவையென்று எண்ணிய இடங்கள் வயதாவதால் புதியனவாக மாறிவிடுவதையும் அவர் அறிந்துகொண்டார். வலது காதில் சென்ற ரம்ஜானின்போது ஒரு நரை மயிர் முளைத்திருந்தது. ஆகவே முன்போல அத்தனை அச்சம் இல்லை. முழுவதும் இல்லாமலும் இல்லை.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை மக்பூல் அகமது பரிசோதனைக்காக வேலூர் வருவார். நல்ல மனிதரான சூரியபிரகாஷ், கோட்டையைத் தாமே இலவசமாகச் சுற்றிக்காட்டுவதாகப் பலமுறை அழைத்திருக்கிறார். "வேணாம் தம்பி. நான் இதுவரைக்கும் மதில்கூடப் பாக்கல. அவளுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேணும்," என்று மக்பூல் அகமது மறுத்துவிட்டார். டவுன் பஸ் பழைய பேருந்து நிலையத்தை நெருங்குகையில் நடத்துநர், "பாய், கோட்டை வருது," என்று குரல்கொடுப்பார். மக்பூல் அகமது கண்களை இறுக மூடி, அவற்றின்மேல் கைக்குட்டையையும் பொத்திக்கொள்வார். "தாண்டியாச்சு" என்று நடத்துநர் சொல்லும்வரை அவரோடு இன்னும் சிலரும் அவ்வாறே அமர்ந்திருப்பார்கள். அதன்பின் கைக்குட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவரவர் நிறுத்தத்தில் இறங்குவார்கள்.